இந்திராணி முதலில் சொல்வாள்

பத்துபஸ்தி இந்திராணியிடம் பொய் சொல்லித் தப்பித்த கர்ப்பிணி இல்லை. இதை அவளே சொல்வாள், நாலு பேர் நடுவில், வாய் கூசாமல் சொல்வாள். ஐம்பத்திரண்டு வயதில், தோளில் எடை மெஷின் தொங்கும் பையோடு வெயிலில் நடக்கிறவளுக்கு இந்தப் பெருமைகூட இல்லாவிட்டால் எப்படி?

ஆறு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. தீவுப் பிள்ளைகளுக்கு மூச்சிழுப்பு ஏன் வருகிறது என்று கடல் தாண்டி வந்த மெயின்லேண்ட் டாக்டர்கள் நடத்தும் ஆய்வில் நாற்பது வீடுகள் அவள் பொறுப்பு. தாய் வயிற்றில் சுமந்தபோது என்ன சாப்பிட்டாள், பிள்ளை எத்தனை எடையில் பிறந்தது, பிறந்த பின் எவ்வளவு வேகமாகச் சதை போட்டது, ஐந்து வயதுக்குள் இழுத்ததா என்று மாதாமாதம் கேட்டு எழுத வேண்டும். கொழுகொழுவென்று இருந்தால்தான் பிள்ளை என்று மாமியார்கள் மாவைக் கரைத்துத் திணிப்பதையும் விடாமல் எழுதுவாள்.

எடையைப் பொறுத்தவரை சிக்கலில்லை, மெஷின் பொய் சொல்லாது. சாப்பாட்டுக் கேள்விதான் படுத்தியது. வீட்டில் போய்க் கேட்டால் மாமியார் வாசலில் நிற்பார், மருமகள் விருந்து இலையையே ஒப்பிப்பாள். மீன், முட்டை, பால், ஆப்பிள். கப்பல் வராமல் ஊரில் ஒரு வாரமாக ஆப்பிளே இல்லாதபோதும் ஆப்பிள்!

இது தேறாது என்று இந்திராணி கேள்வியை ஃபெரிக்கு மாற்றினாள். அவளுடைய நாற்பது வீடுகளும் கடலுக்கு அந்தப் பக்கம், பாம்பூஃப்ளாட்டில். செவ்வாய்க்கிழமை காலையில் கர்ப்பிணிகள் செக்கப்புக்காக அங்கிருந்து இந்தப் பக்கம் சாத்தம் துறைக்கு ஃபெரி ஏறுவார்கள். மாமியார்கள் தண்ணீர் தெறிக்கும் என்று உள்ளே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். மருமகளைக் காற்றுக்கு என்று கம்பி ஓரம் கூட்டி வந்தால், அக்கரை சேர்வதற்குள் உண்மை வந்துவிடும்.

போன மாதம் ஆய்வின் தலைவி டாக்டர் அகிலா வந்தாள். இந்திராணியைவிடப் பதினைந்து வயது சின்னவள், மரியாதை தெரிந்தவள், ஆனால் சொல்ல வந்ததைச் சுற்றி வளைக்கவில்லை.

"இந்திராணியம்மா, உங்கள மாதிரி கேட்டு எழுதற மத்த அஞ்சு பேரோட ஏரியாவுல கர்ப்பிணிங்க வாரத்துல நாலு நாள் மீன் சாப்பிடறாங்க. உங்க நாப்பதுல இருபத்தெட்டு பேர் மீனைத் தொடவே இல்ல. சுத்திக் கடல் இருக்கற ஊர்ல இதை எப்படி நம்பறது? உங்க தாளை மட்டும் கணக்குல எடுக்க வேணாம்னு பாக்கறோம்."

இந்திராணிக்குச் சுருக்கென்றது. "வீட்ல உக்காந்து நானே எழுதிட்டேன்னு சொல்றீங்களா மேடம்?"

அகிலா அந்த நாற்பது தாளையும் தனியாக எடுத்து வைத்தாள். அதுவே பதில்தான்.

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. ஃபெரிக்கு வாங்க" என்றாள் இந்திராணி.

மறுநாள் புஷ்பா வந்தாள். நாற்பதாவது கர்ப்பிணி, ஏழாம் மாதம். மாமியார் சொர்ணம்மா வழக்கம்போல உள்ளே பெஞ்சைப் பிடித்தார். ஃபெரி கிளம்பியதும் இந்திராணியைப் பேசவிடாமல் அகிலாவே கேட்டாள், "மீன் சாப்பிடறீங்களாம்மா?"

"டெய்லி மேடம். மீன், முட்டை, பால், ஆப்பிளு. சப் குச், எல்லாந்தான்" என்றாள் புஷ்பா, பளிச்சென்று சிரித்து.

இந்திராணி எழுதிய புஷ்பாவின் தாளில் மூன்று மாதமாக மீனே இல்லை. அகிலா தாளைப் பார்த்தாள், பிறகு இந்திராணியைப் பார்த்தாள். ஆறு வருட நடையும் பெயரும் இந்த ஒரு சிரிப்பில் போய்விடும் போலிருந்தது. அதற்குள் எதிரே சாத்தம் மரமில்லின் கூரைகள் தெரிய ஆரம்பித்துவிட்டன.

"நான் ஒரு வார்த்தை பேசிக்கட்டுமா மேடம்?" என்று கேட்டுவிட்டு அவள் புஷ்பா பக்கம் திரும்பினாள்.

"போன தடவை உன்கிட்ட சொன்னதையே மேடம் முன்னாடி சொல்றேன், கேளு. என் ஹரி வயித்துல இருந்தப்ப வீட்ல எனக்கு மீனைக் கண்ணுல காட்டல. ஆறு மாசம் ரசமும் அப்பளமும்தான். நர்ஸ் வந்து கேட்டா, மீனு முட்டைன்னு அடுக்கினேன். குடும்ப மானமாம்! ஒன்றரை வயசுல அவன் இழுக்க ஆரம்பிச்சான். சாப்பிடாததாலதானா, வேற எதாலயா, எனக்கு இன்னைக்கும் தெரியாது. நான் உண்மையைச் சொல்லியிருந்தா, அதை யோசிக்கறதுக்காவது ஒருத்தர் இருந்திருப்பாங்க."



புஷ்பா பெஞ்சுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். சிரிப்பு போய்விட்டது.

"நான் சொன்னது ஜூட்டு மேடம், பொய்யி. பெரியவனுக்கு இழுப்பு. நான் மீன் தின்னதாலதான் வந்துச்சுன்னு அத்தை இந்தத் தடவை நிறுத்திட்டாங்க. பழைய சோறும் ஊறுகாயுந்தான். புள்ளத்தாச்சிக்கு மீன் கூடப் போடலன்னு வெளிய பேசக் கூடாதில்ல? அதான் டெய்லின்னு சொன்னேன்."

அகிலா தாளை மடித்தாள். "எல்லார்கிட்டயும் உங்க கதையைச் சொல்லிட்டுத்தான் கேப்பீங்களா?"

"நாப்பது பேர்கிட்டயும். என் வீட்டு லட்சணத்தைச் சொல்லாம அவங்க வீட்டு லட்சணத்தை எப்படி மேடம் கேக்கறது?"

சாத்தத்தில் இறங்கியதும் அகிலா புஷ்பாவைக் காட்டிக்கொடுக்காமல், பொதுவாகச் சொல்வதுபோல, சொர்ணம்மாவிடம் மீனை நிறுத்தக் காரணமே இல்லை என்று எடுத்துச் சொன்னாள். டாக்டரே சொன்ன பிறகு சொர்ணம்மா அன்றைக்கே சூரை மீன் வாங்கிக்கொண்டுதான் ஃபெரி ஏறினார். நாற்பது தாளும் கணக்கில் நின்றன. மற்ற ஐந்து பேரின் தாள்கள்தான் திரும்பக் கேட்டு எழுதப் போயின.

இந்த மாதம் புதுத் தாள் வந்தது. முதல் கேள்விக்கு மேலே, தடித்த எழுத்தில் ஒரு வரி: கேட்பவர், கர்ப்பகாலத்தில் தாமோ தம் வீட்டுப் பெண்களோ என்ன சாப்பிட்டார்கள் என்பதை முதலில் உண்மையாகச் சொல்ல வேண்டும்.

இந்திராணி அதை மூன்று தடவை படித்தாள். வேலை முடிந்து வந்த மகன் ஹரிஹரனிடம் நீட்டினாள். இருபத்தாறு வயதுப் பிள்ளை, சட்டைப் பையில் இன்ஹேலரோடு, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்கேம்மா? உன் பேரையே காணோமே."

"பேரு எதுக்குடா?" என்றாள் இந்திராணி. "நான் குடிச்ச ரசம் இருக்கு அதுல."