ஒரு தமிழ்ச் சனமும் இல்லாத கடற்கரை

முப்பது வருடத்துக்கு மேல் பழகிய நண்பர் ஒருவர் எனக்குத் துரோகம் செய்துவிட்டார் என்று நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். நாங்கள் அகதிகளாக வந்து குடியேறிய சோலோதுர்ன் நகரில், எங்கள் வீட்டுச் சமையலறையில் தனியே இருந்து தேநீர் குடிக்கும்போதெல்லாம் அந்தச் சொல்லைத்தான் மென்றுகொண்டிருப்பேன். நடந்தது வேறு. அதை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

என் மனைவிக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்பின் தண்ணீருக்குள் பயிற்சி செய்யச் சொன்னார்கள். முதல் மாதம் நீச்சல் குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், மூன்றாம் மாதம் கம்பியை விட்டுவிட்டாள். அறுபது வயதைத் தாண்டியபின் நீந்தப் பழகினாள். கை முழங்கையும் கால் முழங்காலும் மூடுகிற நீச்சலுடையை மகள் வாங்கிக் கொடுத்திருந்தாள். அதை மனைவி துவைத்து, வெளியே காயப்போடாமல், குளியலறைக்குள்ளேயே உலர வைப்பாள். ஏனென்றால் வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் மாலை கட்டுவதும் பெண்களைச் சேர்த்துப் பஜனை பாடுவதும் அவள்தான். நான் கோயில் நிர்வாகத்தில் இருக்கிறேன். எங்கள் சனத்துக்கு ஒரு ஈர உடுப்பு போதும், ஒரு மாதத்துக்குக் கதைக்க.

கடற்கரையோரம் பிறந்து வளர்ந்தும் அவள் கடலுக்குள் கணுக்காலுக்கு மேல் இறங்கியதில்லை. பெண்பிள்ளைகளை இறங்க விடமாட்டார்கள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, "இஞ்சாருங்கோ, எனக்கு ஒருக்காக் கடலிலை நீந்த வேணும்" என்றாள்.

"அதுக்கென்ன, போவம்."

"ஒரு தமிழ்ச் சனமும் இருக்கக் கூடாது. மற்றதெல்லாம் உங்கடை விருப்பம். ஒருத்தருக்கும் சொல்லவும் வேண்டாம்."

நான் புவியியல் படித்த பட்டதாரி. இந்த நாட்டில் அந்தப் பட்டத்தை ஒருவரும் கேட்கவில்லை. ஓய்வு பெறும்வரை தொழிற்சாலையில் மணிக்கூட்டு உதிரிப்பாகங்கள் கடைந்தேன். அதனால் இந்த வேலை கிடைத்ததும் எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. சார்டினியாத் தீவைத் தேர்ந்தெடுத்தேன். காரோடு கப்பலில் ஏறலாம், அவளுடைய காலுக்கு அது வசதி. பிறகு கரையைத் தேடத் தொடங்கினேன். கோடையில் அங்கே வடமேற்குக் காற்று பலமாக அடிக்கும், ஆகவே மேற்குக் கரை ஆகாது. கூழாங்கல் இருந்தால் முழங்கால் தாங்காது. சட்டென்று ஆழமாகிற இடமும் கூடாது. குடைகள் வரிசையாக நட்டிருக்கிற பெரிய கரைகளில் கட்டாயம் நம்மவர் யாராவது இருப்பார்கள். கணினியில், செயற்கைக்கோள் எடுத்த செய்மதிப் படங்களில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து ஆழத்தைக் கணித்தேன். கடைசியில் கிழக்குக் கரையில், முன்னே ஒரு நிலமுனை நீண்டு காற்றை மறைக்கிற சின்னக் குடாவொன்றைக் கண்டுபிடித்தேன். வெள்ளை மணல், பின்னால் பைன் மரங்கள், சிறிது தூரத்தில் ஒரு விடுதி.

அந்த நேரத்தில்தான் கோயில் திருவிழா வந்தது. எங்கள் கோயிலில், அன்னதானச் சமையலுக்கு வராதவர் காரணம் சொல்லவேண்டும். எழுதப்படாத வழக்கம் அது. வருத்தம் என்றால் நோயின் பெயரைச் சொல்லவேண்டும், பயணம் என்றால் ஊரின் பெயரை. எனக்குப் பக்கத்தில் நின்று கத்தரிக்காய் வெட்டிய நண்பர், அடுத்த கிழமைச் சமையலுக்கு நான் இல்லை என்றதும் கேட்டார்.

"எங்கை அண்ணை?"

"இத்தாலியிலை ஒரு தீவுக்கு."

"தீவுக்கோ? எங்கடை தீவெல்லாம் விட்டிட்டு இத்தாலிக்காரன்ரை தீவுக்கோ? சும்மா கடலிலை கால் நனைக்கவோ?"

அகதி முகாமில் என்னோடு ஒரே அறையில் படுத்து எழும்பியவர் அவர். என்னைப் 'படிச்ச ஆள்' என்று நாலுபேர் முன்னால் சொல்வதும் அவர் ஒருவர்தான். நான் கத்தியை வைத்துவிட்டுக் காற்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். முனை எப்படிக் காற்றை மறிக்கிறது, நிறத்தை வைத்து ஆழத்தை எப்படிக் கணிப்பது என்றெல்லாம் சொன்னேன். அவர் வாயைப் பிளந்து கேட்டார். சொல்வது போதாமல், கைபேசியில் படத்தையும் இடத்தையும் அவருக்கு அனுப்பினேன். "தம்பி, ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதை" என்றும் சொன்னேன். மனைவி நீந்துவதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அதையே பெரிய விசுவாசமாக அப்போது நினைத்தேன்.

தீவுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை அவள் கடலில் இறங்கினாள். தலையில் நீலத் தொப்பி, கண்ணில் நீச்சல் கண்ணாடி. நான் அவள் ஈரம் துடைக்கிற துவாயையும் அவளுடைய மேலாடையையும் மடியில் வைத்துக்கொண்டு மணலில் இருந்தேன். எனக்கு நீந்தத் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் தயங்கி நின்றவள், மெல்ல மல்லாந்தாள்.

"இஞ்சாருங்கோ, உப்பு ஆளைத் தூக்குது!" என்று கத்தினாள்.

அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பிறகு திரும்பிக் கைகளை விரித்து நீந்தத் தொடங்கினாள். நான் கணித்த கடல், நான் கணித்தபடியே தட்டையாகக் கிடந்தது.

பின்னால் பைன் மரங்களுக்குள் தமிழ் கேட்டது.

நண்பர், அவருடைய மனைவி, மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். பாய், குளிர்ப்பெட்டி, பெரிய சுடுதண்ணீர்ப் போத்தல், ஒரு சட்டி நிறையப் பொரித்த றோல்.

"அண்ணை! பிடிச்சிட்டம் பாத்தியளோ!" நண்பருக்குக் குழந்தையைப் போலச் சந்தோஷம். "படத்தைக் காட்டின உடனை மகன் புக் பண்ணிப்போட்டான். நீங்கள் தேடி எடுத்த இடம் பிழைக்குமோ?"

"அக்கா எங்கை?" என்று அவருடைய மனைவி கேட்டார்.

துவாயும் மேலாடையும் என் மடியில் கிடந்தன. அவற்றை மெல்ல என் பைக்குள் தள்ளினேன்.

"அறையிலை படுத்திருக்கிறா. தலையிடி."

யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. ஆனால் சொல்லி முடிந்ததும், அவள் இனி இந்த வழியாகக் கரையேற முடியாது என்று விளங்கிவிட்டது. திருத்துவதற்கு நேரம் இருந்தது. நான் திருத்தவில்லை. அவர்கள் பாயை விரித்தார்கள். நான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாயில் இருந்தேன். றோல் தந்தார்கள். சாப்பிட்டேன். கோயில் கணக்குக் கூட்டத்தில் யார் யாரோடு கொழுவிச் சண்டை பிடித்தார்கள் என்று நண்பர் நடித்துக் காட்டினார்.

நடுவில் அவருடைய மனைவி கண்ணைச் சுருக்கிக் கடலைப் பார்த்தார். "அங்கை பாருங்கோ, ஒரு கிழவி கனநேரமா ஒரே இடத்திலை கழுத்தளவிலை நிக்கிறா. ஏதும் ஏலாமல் போச்சோ தெரியேல்லை."

"உவை வெள்ளையளப்பா," என்றார் நண்பர். "கடலைக் கண்டால் வெளியாலை வராதுகள். எருமை மாதிரிக் கிடக்குங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் சிரித்தேன்.

தேநீர் ஊற்றும்போது திரும்பிப் பார்த்தேன். நீலத் தொப்பி குடாவின் மறுகோடியில், பாறைகளுக்கு அருகே போய்க்கொண்டிருந்தது. அவள் கைகளை ஊன்றிப் பாறையில் ஏறினாள். பிறகு மரங்களுக்குள் மறைந்தாள். அவளுடைய செருப்பு என் பையில் இருந்தது.

மனைவியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி விடுதிக்கு ஓடினேன். அவள் ஈரத்தோடு குளியலறைத் தரையில் உட்கார்ந்து பாதத்தில் குத்தியிருந்த பைன் ஊசியிலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஆர் அவைக்குச் சொன்னது?"

"நான் ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு சொன்னனான். அவன் இப்பிடிச் செய்வான் எண்டு..."

"நானும் உங்களுக்கு அப்பிடித்தான் சொன்னனான்."

துவாயை நீட்டினேன். வாங்கவில்லை. பாதத்தைப் பார்த்தபடியே மிச்சத்தைச் சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை.

"அவை வந்ததுக்கு நான் பயப்பிடேல்லை. கொஞ்ச நேரத்திலை, வாறது வரட்டும், கரையேறுவம் எண்டுதான் நிண்டனான். நீங்கள் ஒருக்காத் திரும்பி, வாரும் எண்டு கையைக் காட்டியிருந்தால் வந்திருப்பன். உங்கடை முதுகைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

தொழிற்சாலையிலும் கோயிலிலும் மதிப்போடு இருந்தவன் நான். மனைவி நீச்சலுடையில் கரையேறுவதை நாலு பேர் பார்த்தால் அந்த மதிப்புக் குறைந்துவிடும் என்று பயந்தது அவள் அல்ல, நான்தான். இது எனக்கே அன்றுதான் தெரிந்தது. அவளுக்குக் கடலுக்குள் நின்றபோதே தெரிந்துவிட்டது.

அன்று பின்னேரம் அவள் பருத்திச் சேலை கட்டிக்கொண்டு அவர்களிடம் வந்தாள். தலையிடி மாறிவிட்டது என்றாள். என் பொய்யை அவள் காப்பாற்றியதைப் பார்க்க, என்னை அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. மிச்ச நாட்கள் எல்லாம் குடை நிழலில் இருந்து வெங்காயம் உரித்தாள், நண்பரின் மனைவியோடு சிரித்துக் கதைத்தாள். கடலில் கால் வைக்கவில்லை.

ஊர் திரும்பியபின் நான் நண்பரோடு கதைப்பதை நிறுத்தினேன். தொலைபேசியை எடுக்கவில்லை. 'அண்ணைக்கு என்ன நடந்தது, ஏதும் பிழை விட்டனோ' என்று அவர் பலரிடம் கேட்டதாக அறிந்தேன். நல்ல இடம் ஒன்றை ஒருவர் கண்டுபிடித்தால் எல்லோருமாகப் போவதுதான் எங்கள் பழக்கம். அவர் அதைத்தான் செய்தார். கிழவி என்று அவர்கள் சிரித்தது யாரைப் பார்த்து என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அவர்மேல் கோபத்தை வைத்திருக்கும் வரைக்கும் என்னை நான் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அதற்காகவே அதை வளர்த்தேன்.

இந்தக் கோடையில் ஒரு மாலை, மனைவி கறியைக் கிண்டிக்கொண்டே, "நானும் மகளும் கடலுக்குப் போறம்" என்றாள்.

"எந்தத் தீவு?"

சொன்னாள்.

"எந்தக் கரை? அங்கை காத்து எந்தப் பக்கத்தாலை வரும் எண்டு பாத்தனீரோ? மணல் எப்பிடி எண்டு நான் ஒருக்கா..."

"பாத்தாச்சு."

"நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

அடுப்பைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சொல்ல மாட்டியள் எண்டு தெரியும்," என்றாள். "எண்டாலும் வேண்டாமப்பா."

மறுநாள் நீச்சலுடை பல்கனிக் கொடியில், தெருவுக்குத் தெரியும்படி, காய்ந்துகொண்டிருந்தது. நான் மேசையில் அந்தத் தீவின் செய்மதிப் படத்தோடு திறந்திருந்த கணினியை மூடி வைத்தேன்.