என் கைக்கே வந்த என் சீட்டு

விசுவாசத்தில் என் உடன்பிறப்புகளே, என் மனைவி ஞானம்மாள் ஆண்டவரிடம் போய் நூற்றுப் பதினோரு நாள் ஆகியும் என்னால் காலையில் எழ முடியவில்லை. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக் கட்டிலிலிருந்து அடுப்புக்குப் பதினான்கு அடி. அதை நடக்க மனம் வராது. நாலு நாளைக்கு ஒருமுறை குளிப்பேன். கொச்சங்காடி மிளகுக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் மூட்டை எண்ணியவன். எண்ணாமல் இருக்கத் தெரியாது.

ஞாயிறு மட்டும் தமிழ் ஆராதனைக்குப் போவேன். போகாவிட்டால் போதகர் வீட்டுக்கே வந்து அழுக்குப் பாத்திரங்களைப் பார்த்துவிடுவாரே என்ற பயம்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பெயர் போடாமல் விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். பிறகு ஆளுக்கொரு சீட்டு எடுத்துப்போய், அது யாரென்று கேளாமல், வாரம் முழுவதும் அவருக்காக ஜெபிக்க வேண்டும்.

அந்த நூற்றுப் பதினோராம் நாள் ஞாயிறு. நான் எழுதினேன்: "ஒரு கிழவனுக்கு விடிவதே பிடிக்கவில்லை. ஆண்டவர் அவனை எடுத்துக்கொள்ளட்டும்."

பெட்டியில் முப்பத்தெட்டுச் சீட்டு. என் கைக்கு வந்தது என்னுடையதே. திருப்பிப் போட்டால் எழுதியவன் நான்தான் என்று தெரிந்துவிடும்.

பக்கத்தில் செல்வி, இஞ்சிக் கிடங்கில் சுமை தூக்குபவள். "என்ன தாத்தா, முகம் சுருங்குது? எனக்கு முட்டுவலி கிடைச்சிருக்கு. மாத்திக்குவோமா?"

"வேண்டாம்மா. இது கொஞ்சம் கனம்."

"கனம்னா தலையில சும்மாடு வச்சுத் தூக்குங்க!"

திங்கள் விடியற்காலை, நூற்றுப் பன்னிரண்டாம் நாள், சீட்டோடு கட்டிலில் உட்கார்ந்தேன். "எடுத்துக்கொள்ளும்" என்று சொல்ல வாய் வரவில்லை. இன்னொருவனுக்குச் சாவு கேட்பது எப்படி? யாரோ ஒருவன் என்றே நினைத்துக்கொண்டேன். பாவம், மனைவி போயிருப்பாள். சாப்பிட்டானோ என்னவோ. இத்தனை நாளும் அவன்மேல் எனக்கு எரிச்சல்தான். அன்றுதான் இரக்கம் வந்தது.

"ஆண்டவரே, இன்றைக்கு அவனைக் குளிக்க வையும். ஒரு சாயா குடிக்க வையும்" என்றேன். வெகுநேரம் அழுதேன். பிறகு எழுந்து பதினான்கு அடி நடந்தேன்.

மறுநாள் அவனுக்குக் கஞ்சி கேட்டேன். அந்த வாரம் ஏழு நாளில் ஐந்து நாள் குளித்தான்.

அடுத்த ஞாயிறு செல்வி கேட்டாள். "உங்க ஆளு எப்படி இருக்காரு தாத்தா?"

"எந்திரிச்சுட்டான்மா."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சட்டையும் துவைச்சுட்டாரு போல."

துக்கம் தீரவில்லை. ஞானம்மாளின் தம்ளர் கவிழ்த்தபடியே இருக்கிறது. ஆனால் நான் எழுதிக் கேட்டதை ஆண்டவர் தரவில்லை. அதற்காகவே அவருக்கு ஸ்தோத்திரம். உங்களுக்காக ஜெபிக்க வாய் வராத நாளில், யாரோ ஒரு பாவப்பட்ட மனிதருக்காக என்று நினைத்துக் கேட்டுப்பாருங்கள். ஆண்டவர் கேட்பார். இன்று காலையும் அந்தக் கிழவனுக்காகக் கேட்டேன். குளித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.