செட்டியார்பட்டி வெள்ளையன் சாப்பிட மறுத்தான்

ஊரடங்கில் ராஜபாளையம் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டிலிருந்தே வீடியோ காலில் வைத்தியம் பார்த்தேன். பூனைக்கு மாஸ்க் மாட்டலாமா, நாய்க்குக் கபசுரக் குடிநீர் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே தொண்டை வற்றிப்போகும்.

செட்டியார்பட்டி செல்லத்தாய் அழைத்தது அப்படி அல்ல. அவர் கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். அவரே சோறு வைத்து வளர்த்த ராஜபாளையம் நாய் வெள்ளையன் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை.

“கறிச்சோறு வச்சாலும் தட்டு முன்னால உக்காந்தே இருக்கான் டாக்டரம்மா. வாய் வைக்க மாட்டேங்கான். இவனுக்கு ஒண்ணுன்னா அவியளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

ஈறைக் காட்டச் சொன்னேன். பயந்துகொண்டே நாயின் உதட்டைத் தூக்கினார். நிறம் நன்றாக இருந்தது. வாந்தி இல்லை, தண்ணீர் குடிக்கிறான். சோற்றைப் பார்த்து எச்சில்கூட ஒழுகியது. இவ்வளவு பசியோடு இருக்கும் நாய் ஏன் தின்னவில்லை? எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

“சார்கிட்ட சொன்னீங்களா?”

“மூச்சு விடவே திணறுதாவ. இத எப்படிச் சொல்ல?”

எனக்குக் கோபம்தான் வந்தது. சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஹவில்தாரையும் அதே காலில் சேர்த்தேன். அவர் குரலைக் கேட்டால் தின்றுவிடும் என்று நினைத்தேன். “வெள்ளையா, சாப்டுல” என்றார். அது காதைக்கூட அசைக்கவில்லை.

ஹவில்தார் ஆக்சிஜன் மாஸ்க்கைச் சற்று விலக்கிக்கொண்டார்.

“அவனுக்குக் காது கேக்காது டாக்டரம்மா. குட்டியிலயே தெரியும். இவ திருப்பிக் குடுக்கச் சொல்லுவாளோன்னு மறைச்சிட்டேன். கண்டவனும் வெசம் வச்சிரக் கூடாதுன்னு, தரையில ரெண்டு மிதி மிதிச்சாத்தான் திங்கணும்னு பழக்கிருக்கேன்.”

செல்லத்தாய் குதிகாலால் இரண்டு முறை மிதித்தார். அதிர்வு தெரிந்ததும் வெள்ளையன் திரும்பிப் பார்த்துவிட்டுத் தட்டுக்குள் தலையை விட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?” என்றார் செல்லத்தாய்.

“இவன் திங்கலன்னு நீ சொன்னியா?” என்றார் ஹவில்தார்.

அதன்பிறகு சோறு வைக்கும் நேரத்துக்கு அவரே ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து, வெள்ளையன் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாராம். தேறி வீட்டுக்கும் வந்துவிட்டார்.

இப்போதெல்லாம் நாயைப் பார்க்கும் முன்பே அதற்குச் சோறு வைப்பவரிடம் பேசிவிடுகிறேன். “அவருக்கு உடம்பு சரியில்ல, சொன்னாக் கவலைப்படுவாரு” என்பார்கள். படட்டும் என்பேன்.