பசறைத் தோட்டத்தில் நான் ஒற்றன் பிடித்த லட்சணம்

ஒற்றனைப் பிடிக்கிற வேலையில், பிடிக்கிறவன் யார் என்பது ஒருவருக்கும் தெரியக்கூடாது.

அந்த நாளில் பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலைக் கொழுந்து பறிக்க ஆள் போதாது. அதனால் அடுத்த தோட்டத்துக் கங்காணிகள் இரகசியமாக ஆள் அனுப்பி, ஆசை காட்டி, எங்கள் ஜனங்களை இழுத்துப் போவார்கள். அப்படி வருகிற ஒற்றர்களைப் பிடிக்க, எங்கள் தோட்டத்தை நடத்தும் துரை என்னை வைத்தார். ஊரறிந்த இரகசிய உத்தியோகம் பார்த்தவர்கள் உங்களில் இருந்தால், என் பாடு புரியும்.

நியமனம்

காலையில் எல்லோரும் வேலைக்கு வரிசை கட்டும் பெரட்டில், துரை என்னை முன்னால் நிறுத்தினார். "முத்தையா இன்னியிலேருந்து ரகசிய ஆளு! யாருக்கும் சொல்லக்கூடாது!" என்று மலைக்கே கேட்கக் கத்தினார். தலையைக் குனிந்துகொண்டு, எங்கள் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துப் பக்கம் நடந்தேன். கொழுந்துக் கூடையோடு எதிரே வந்த ராக்காயி மரியாதையாக ஒதுங்கி நின்றாள்.

"ரகசியக்காரரே, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறீங்களா?"

மாறுவேடம்

இனி வேடம் போட்டால்தான் சரிப்படும் என்று, ஆசையாக வளர்த்த மீசையை எடுத்தேன். பட்டை பட்டையாகத் திருநீறு பூசி, பண்டாரமாகி லயத்து வாசலில் உட்கார்ந்தேன். பதுளையிலிருந்து வளையல் விற்க வந்த காசிம் பாய் என்னையே உற்றுப் பார்த்தார். பிறகு பக்கத்தில் குந்தி, காதோடு சொன்னார்:

"ஆள் பிடிக்கத்தானே வந்தீங்க? சீக்கிரம் ஓடிப் போயிடுங்க. இங்க முத்தையான்னு ஒரு ரகசிய ஆளு இருக்காராம், பெரிய மீசையாம்!"

அசல் ஒற்றன்

கடைசியில் ஒருவன் மாட்டினான். பெயர் சடையன். ராக்காயி வீட்டில் உட்கார்ந்து, "எங்க தோட்டத்துக் கூரை ஒரு சொட்டு ஒழுகாது" என்று அளந்துகொண்டிருந்தான். ராக்காயி சட்டிபானையைக் கட்டிவிட்டாள். அவள் போனால் அந்த லயமே பின்னால் போய்விடும். என் வேலையும் போய்விடும். சடையனைத் துரை முன்னால் நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன்.

துரை அவனை அடிக்கவில்லை. "நம்ம கூரை ஒழுகுதா?" என்று என்னைக் கேட்டார். "ஒழுகுதுங்க" என்றேன். அந்த வாரமே எல்லாக் கூரைக்கும் புதுத் தகரம் வந்தது. ராக்காயி மூட்டையை அவிழ்த்தாள். அடுத்த வாரம் சடையன் பெண்சாதி பிள்ளைகளோடு எங்கள் தோட்டத்துக்கே வேலை கேட்டு வந்து நின்றான். "ஒழுகாத கூரையை விட்டுட்டு ஏன்டா வந்தே?" என்றேன்.

"அது வெளியாளுக்குச் சொல்றதுங்க. எங்க வீட்டுல நனையாத எடம் அடுப்புக்குள்ளதான் இருக்கு."

ஆக, நான் மீசையை எடுத்து வேடம் போட்டும் அசையாத எதிரிப் படையைத் தகரம்தான் ஜெயித்தது, சம்பளம் மட்டும் எனக்கு வந்தது.