ஆளுநருக்குப் பதிலாக நின்ற நாட்கள்

வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டிலிருந்து ஏழு வருடங்கள் ஒரு தமிழ் மாதப் பத்திரிகை நடத்தினேன். ஆசிரியரும் நானே, வெளியிட்டவளும் நானே. பிறகு, மாநில ஆளுநருக்குப் பதிலாக விழாக்களில் வாழ்த்துரை படிக்கும் கௌரவப் பதவிக்கு என்னை அழைத்தார்கள். பதவியில் இருந்துகொண்டு பத்திரிகை நடத்துவது சரியல்ல என்று பத்திரிகையை நிறுத்தினேன்.

அதன்பின் என் நாட்கள் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல மெதுவாகிவிட்டன. நூலகங்கள், பள்ளி மண்டபங்கள், வெட்டச் சொல்லி யாரோ நீட்டும் சிவப்பு ரிப்பன். எங்கும் முதல் வரிசை. எதையும் மாற்றும் அதிகாரம் மட்டும் இல்லை.

ஒரு பனிக்காலக் காலையில் குடியுரிமை வழங்கும் விழா. ஜன்னல்களுக்கு வெளியே பனி ஓசையில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. புதுக் குடிமக்களுக்குக் கைகொடுத்துக்கொண்டு வந்தபோது ஒரு பெண் என் கையை விடவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர். முகம் பழக்கமில்லை, பெயரைச் சொன்னதும் யாரென்று தெரிந்துவிட்டது. போரில் பிரிந்த அண்ணனைத் தேடி, மாதம் தவறாமல் என் பத்திரிகையில் அறிவிப்புப் போட்டவர்.

“பேப்பரை நிப்பாட்டிப் போட்டியள் அக்கா. இனி நான் அவரை எங்க தேடுறது?”

இப்போது எனக்கு வாழ்த்துவது மட்டும்தான் வேலை என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

“அப்ப வாழ்த்தே எழுதித் தாங்கோ. வாற மாசம் அவற்ர பிறந்தநாள்.”

அரசு முத்திரையிட்ட தாளில் தமிழில் எழுதினேன். அவர் அண்ணனின் பெயர், ஊர், வாழ்த்து, கீழே தங்கையின் ஃபோன் நம்பர். இதற்கு அனுமதி உண்டா என்று யாரிடமும் கேட்கவில்லை. அவர் அதை நகலெடுத்து, இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் போகிறவர்கள் எல்லோரிடமும் கொடுத்தனுப்பினார். கோயில் வாசல்களிலும் சர்ச் வாசல்களிலும் ஒட்டச் சொன்னார்.

மரங்கள் பூத்த பிறகு ஒரு காலையில் அவர் ஃபோன் செய்தார். முதலில் அழுகைதான் கேட்டது. அண்ணன் ராமேஸ்வரம் பக்கத்து அகதி முகாமில் இருக்கிறாராம். யாரோ கொண்டுவந்து கொடுத்த தாளில் முத்திரையைப் பார்த்ததும் ஏதோ வழக்கு என்று பயந்து, இரண்டு நாள் அதைப் படிக்கவே இல்லையாம். தன்னை வாழ்த்த இவ்வளவு பெரிய அதிகாரி யார் என்றுதான் தங்கையிடம் முதலில் கேட்டாராம்.

“பெரிய ஆள் இல்லை அண்ணை, எங்கட பேப்பர்க்கார அக்காதான் எண்டு சொன்னனான். சரிதானே?”

சரிதான் என்றேன்.

அன்று மதியம் ஒரு நூலகத் திறப்பு விழாவுக்குக் காரில் கிளம்பினேன். நெடுஞ்சாலையிலிருந்து இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தாண்டி வெகுதூரம் ஓட்டிப் போய்விட்டதை ரொம்ப நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.