மெரண்டவர்கள் நிற்கும் வாசல்

விழுப்புரத்தில் பஸ் மாறி, அறுபது சொச்சம் கிலோமீட்டர் வந்து திருவண்ணாமலையில் இறங்கியபோது காலை எட்டு மணி. 1997, ஆவணி மாதம். பௌர்ணமி இல்லாத வெறும் செவ்வாய்க்கிழமை. பௌர்ணமியன்று வந்தால் கூட்டத்தோடு கூட்டமாக மலையைச் சுற்றிவிடலாம். நான் தனியாக நடக்கத்தான் வந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தை மாதத்தில் ஒரு விடியற்காலை என் கணவர் குளியலறையில் விழுந்து இறந்துபோனார். புனேயில் வேலை பார்க்கும் மகன், மதுரை வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன்னோடு வந்துவிடு என்று ஞாயிறுதோறும் போனில் கேட்கிறான். எனக்கொன்றும் பயமில்லை, தனியாக இருந்துகொள்வேன் என்று நானும் ஞாயிறுதோறும் சொல்கிறேன். சொன்னதை எனக்கே நிரூபித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கல்யாணமான நாளாகப் பயணத்தில் டிக்கெட் எடுப்பது அவர் வேலை, ஜன்னலோரத்துக்குச் சண்டை போடுவது என் வேலை. இந்த முறை ஜன்னலோரம் சண்டையில்லாமல் கிடைத்தது. பிடிக்கவே இல்லை.

பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த லாட்ஜில் மேனேஜர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கூட யாரும் வரலைங்களா?"

"வரலை."

வாடகை எண்பது ரூபாய். அறையில் இரண்டு கட்டில்கள். சும்மா கிடக்க வேண்டாமே என்று ஒன்றின் மேல் பையை வைத்தேன்.

பத்து மணிக்கு நடக்கத் தொடங்கினேன். கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். செங்கம் சாலையில் வெள்ளைக்காரர்கள் ஒற்றை ஒற்றையாகச் சைக்கிளில் போனார்கள். கூட யாரும் வரவில்லையா என்று அவர்களை யாரும் கேட்பதில்லை போலும்.

அடி அண்ணாமலை வந்தபோது உச்சி வெயில். வழியிலிருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். கடையை நடத்தியவளுக்கு முப்பது வயது இருக்கும். அவள் கையிலிருந்து ஒரு தட்டு நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. எழுந்து நின்றுவிட்டேன். டீ பாதிக்கு மேல் சேலையில் கொட்டியிருந்தது. குளியலறையில் வாளி உருண்ட சத்தம் இப்படித்தான் கேட்டது.

அவள் துணி கொண்டுவந்து கொடுத்தாள். "மெரண்டு போயிருக்கீங்களாம்மா?"

"எனக்கென்ன பயம்?"

"பயம்னு நான் சொல்லலைங்களே." வேப்பமரத்தில் கட்டியிருந்த பசுவைக் காட்டினாள். "போன மாசம் அந்தத் திருப்பத்துல லாரி ஒண்ணு இத உரசிக்கினு போச்சு. அடி ஒண்ணியும் இல்ல. லாரி போயே போச்சு. ஆனா இன்னிக்கும் அந்த எடம் வந்தா கால எடுத்து வெக்க மாட்டேங்குது. பயம்னா எதிர்ல ஏதாச்சும் இருக்கணும். இது எல்லாம் போனப்புறமும் ஒடம்புலயே தங்கிடும். அதான் மெரட்சி. இப்பத்திப் பசங்க ஷாக்குனு சொல்றாங்க. பழைய ஆளுங்க மெரட்சினுதான் சொல்லுவாங்க."

எங்கள் பக்கம் மாடுதான் மிரளும், மனிதர்கள் பயப்படுவார்கள். எட்டு மாதமாகப் பயமில்லை என்று நான் சொன்னது பொய்யில்லை என்று அப்போது தோன்றியது. என்னிடம் இருந்தது வேறு.

"நான் என்ன செய்ய?" என்று கேட்டேன். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் அப்படிக் கேட்டது எனக்கே கூச்சமாக இருந்தது.

"டவுன் பள்ளிவாசல்ல சாயங்காலம் தொழுகை முடிச்சிட்டு வரவங்க ஊதி வுடுவாங்க. கொழந்தைங்களத்தான் ஜாஸ்தி தூக்கிக்கினு போவோம். மெரட்சிக்கு வயசா கீது? போங்க."

மீதித் தூரம் நடந்து முடிக்கையில் வெயில் தாழ்ந்திருந்தது. கோயிலைத் தாண்டி, கேட்டுக் கேட்டுப் பள்ளிவாசல் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலுக்கு வெளியே ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். பாதிப் பேர் நெற்றியில் குங்குமம். எல்லார் இடுப்பிலும் குழந்தை. கடைசியில் நான், கைப்பையோடு. திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன்.

தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வந்தார்கள். ஒவ்வொரு குழந்தையின் முகத்துக்கு நேராகவும் ஏதோ முணுமுணுத்து, மெல்ல ஊதிவிட்டுச் செருப்பைத் தேடிப் போனார்கள். கட்டம் போட்ட லுங்கி கட்டிய ஒருவர் என் முன்னால் நின்றார்.

"கொழந்த எங்கம்மா?"

"குழந்தை இல்லைங்க. நான்தான் மெரண்டு போயிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்றவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு எனக்கு இடம் விட்டாள். அவர் கண்ணை மூடி ஓதி, என் நெற்றியில் ஊதினார். அவருக்குப் பின்னால் வந்தவரும், அதற்கும் பின்னால் வந்தவரும் ஊதினார்கள். இளஞ்சூடான மூச்சு. எட்டு மாதமாக இன்னொரு மனித மூச்சு என் மேல் பட்டதில்லை. அழுதேன்.

லாட்ஜுக்குப் போகும் வழியில் எஸ்.டி.டி. பூத் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க முடியவில்லை. மகன் எடுத்தான்.

"நான் மெரண்டு போயிருக்கேன்டா."

"அப்படின்னா என்னம்மா?"

"அப்பா விழுந்த சத்தம் எனக்கு இன்னும் நிக்கலை."

கண்ணாடிக்கு அப்பால் மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அன்னிக்கு நீ கூப்பிட்டதுலேருந்து, விடியக்காலையில போன் மணி அடிச்சா எனக்கும் அப்படித்தாம்மா இருக்கு" என்றான்.