சுவருக்கான வெளிச்சம்

எங்கள் சபையில் சவப்பெட்டிக்கு முன்னால் இரண்டு பேர் நடப்பார்கள். ஒருவர் கையில் சிலுவை இருக்கும். இன்னொருவர் கையில் இறந்தவரின் சட்டம் போட்ட படம் இருக்கும். படமில்லாமல் புறப்பட்ட பெட்டியை நான் பார்த்ததில்லை.

பெர்பெத்துவா வியாழக்கிழமை இறந்தாள். வெள்ளி காலை அவள் கணவர் நத்தனியேல் செம்கிவா என் கடைக்கு வந்து, கேமராவிலிருந்து கழற்றிய நினைவக அட்டையை மேசைமேல் வைத்தார்.

“இதுல அவ இருக்கா தம்பி. பெருசா ஒண்ணு போட்டுக் குடு. நாளைக்கு ரெண்டு மணிக்கு எடுக்கறோம்.”

தாங்கா துறைமுக ஊரின் கடைத்தெருவில் எனக்கு நகலெடுக்கும் கடை. படமும் அச்சிடுவேன். அது 2008. படமெடுக்கும் கைப்பேசி ஊரில் அதிகம் பேரிடம் இல்லை.

நத்தனியேல் முப்பது வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறித்தவர். ஓய்வு பெற்றபோது கிடைத்ததில் கேமரா வாங்கினார். எங்கள் படச் சங்கத்தில் பதினோரு பேர். ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் கிளம்புவோம். ஒரு வாரம் கடலோரப் பூங்கா. ஒரு வாரம் தோங்கோனியில் இடிந்த பள்ளிவாசலும் தூண் வைத்த கல்லறைகளும். கையில் காசு இருந்தால் இன்னும் தூரம் போய் ஆற்றங்கரைப் பங்கானி. சங்கத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. படத்தில் ஆள் விழக் கூடாது. ஆள் விழுந்தால் மாதப் போட்டியில் அந்தப் படத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள்.

சங்கத்தில் இல்லாமலே எங்களோடு வந்தவள் பெர்பெத்துவா மட்டும்தான். ஃபிளாஸ்கில் தேநீர், துணியில் கட்டிய சப்பாத்தி, ஒரு கறுப்புக் குடை. நத்தனியேல் முக்காலியை ஊன்றியதும் அவளை மகள் பேரை வைத்துக் கூப்பிடுவார்.

“தமாரியம்மா, அந்தத் தூண்கிட்ட நில்லு.”

அவள் போய் நிற்பாள். சுவரின் உயரம், வெயில் விழும் பக்கம் எல்லாவற்றையும் அவளை வைத்து அளந்துகொள்வார். இரண்டு மூன்று எடுப்பார். சரியானதும், “போதும், தள்ளு” என்பார். அவள் தள்ளிப் போன பிறகு எடுப்பதுதான் படம்.

பங்கானிப் படகுத்துறையில் மரவள்ளி வறுக்கும் பெண் ஒருத்தி அவரை எப்போதும் சீண்டுவாள்.

“ஏன் பெரியவரே, இடிஞ்ச செவுத்தயே பாக்கறீங்க? பக்கத்துல நிக்கறவ இன்னும் இடியலேன்னுதானா?”

“எனக்கும் கூரை போகட்டும்டி. அப்பறம் எடுப்பார்” என்பாள் பெர்பெத்துவா. படகுக்குக் காத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். நத்தனியேலும் சிரிப்பார்.

சாயங்காலம் வீட்டில் இருவரும் உட்கார்ந்து அட்டையைத் துப்புரவு செய்வார்கள். அவள் நிற்கும் படங்கள்தான் முதலில் போகும். அட்டையில் இடம் வேண்டுமே. ஒருமுறை நானே பார்த்தேன். “இது நான்தான், தூக்கிடுங்க” என்று அவளே பொத்தானைக் காட்டினாள்.

அந்த அட்டை மட்டும் துப்புரவு ஆகாமல் இருந்தது. மூன்று வாரம் முன் பங்கானியிலிருந்து திரும்பிய இரவுதான் அவளுக்குக் காய்ச்சல் கண்டது.

கணினியில் திறந்தேன். பழைய சுங்கக் கட்டடம். பதினான்கு படங்களில் அவள் இருந்தாள்.

பதினான்கிலும் சுவர் அற்புதமாக இருந்தது. சுண்ணாம்பு உதிர்ந்த இடம், உள்ளே பவளக்கல்லின் துளைகள், விரிசலில் முளைத்த செடி. வெயிலில் அந்தச் சுவர் கண் கூசும் வெள்ளை. அதற்கு வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தார். அதனால் குடையின் கீழ் அவள் முகம் இருந்த இடத்தில் கறுப்பு மட்டும் இருந்தது.

“கொஞ்சம் வெளிச்சம் ஏத்து” என்றார்.

ஏற்றினேன். கறுப்பு சாம்பலானது. சாம்பலில் புள்ளி புள்ளியாகப் பச்சையும் சிவப்பும் பூத்தன. கண் இருக்கும் இடம் தெரிந்தது, கண் தெரியவில்லை.

“இன்னும்.”

“இன்னும் ஏத்துனா செவுரு போயிடும், பெரியவரே.”

“போகட்டும்.”

சுவர் போயிற்று. முகம் வரவில்லை.

என் கணினியில் ஆறு வருட ஞாயிறுகள் இருந்தன. அவரை உட்கார வைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் தேடினேன். கல்லறை மேடையில் அவள் ஃபிளாஸ்க் இருந்தது. புல்மேல் குடை நிழல். ஒன்றில், ஓரத்தில் ஒரு முழங்கை. நானும் சட்டத்தை ஒழுங்காகத்தான் கடைப்பிடித்திருக்கிறேன். மற்ற ஒன்பது பேருக்கும் போன் போட்டேன். எவரிடமும் இல்லை.

மதியம் மகள் தமாரி அருஷாவிலிருந்து வந்து இறங்கி, பையோடு நேராகக் கடைக்கு வந்தாள். திரையைப் பார்த்தாள்.

“அப்பா, வாரா வாரம் அம்மாவக் கூட்டிட்டுப் போனீங்க.”

“ஆமா.”

“ஒரு மூஞ்சி கூடவா இல்ல?”

கல்யாணப் படத்தை அவள் கொண்டுவந்திருந்தாள். மணப்பெண் எங்கள் வழக்கப்படி தலை குனிந்திருந்தாள். வகிடு மட்டும் தெரிந்தது. கடைசியில் அம்மாவின் வாக்காளர் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். தபால்தலை அளவுக்கு ஒரு முகம். மேலே பாதி முத்திரை.

அதைத்தான் பெரிதாக்கினேன். முத்திரையின் வளைவு நெற்றியில் தடித்து ஓடியது. அழிக்கப் பார்த்தேன், நெற்றியும் சேர்ந்து அழிந்தது. அப்படியே விட்டுச் சட்டம் போட்டேன்.

சனிக்கிழமை தமாரியின் சின்ன மகள் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நடந்தாள். கோயில் வாசலில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

“இது யாருடி?”

“செத்தவதான்.”

“பெர்பெத்துவாவா? அவ இப்படி இருக்க மாட்டாளே.”

நத்தனியேல் அவர்களுக்குப் பக்கத்தில்தான் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்பது நாள் வீட்டோடு இருந்தார். அதன்பின் ஒரு ஞாயிறு, தோங்கோனிக்குப் புறப்படும் பேருந்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். தேநீர் யாரும் கொண்டுவரவில்லை.

உயரமான தூண் வைத்த கல்லறைமுன் முக்காலியை ஊன்றினார்.

“தம்பி, அந்தத் தூண்கிட்ட நில்லு.”

போய் நின்றேன். கல்லின் சூடு முதுகில் ஏறியது. இந்த முறை சுவரைப் பார்த்து வெளிச்ச அளவு வைக்கவில்லை. என் அருகே வந்து முகத்துக்கு நேராகக் கேமராவைப் பிடித்து வெளிச்சம் பார்த்தார். திரும்பிப் போய் எதையோ திருகினார். எடுத்தார். மறுபடி எடுத்தார்.

“போதும், தள்ளு” என்று சொல்வார் என்று நின்றேன். சங்கத்தார் வேறு தூண்களுக்குப் போய்விட்டார்கள். அவர் சொல்லவில்லை. அட்டை நிறையும்வரை எடுத்தார்.

மாதப் போட்டிக்கு அதில் ஒன்றைத்தான் கொண்டுவந்தார். தூண் இல்லை, கல்லறை இல்லை, வானம் இல்லை. எல்லாம் வெள்ளை. நடுவில் என் முகம் மட்டும் மயிர்க்கால் மயிர்க்காலாகத் தெளிந்திருந்தது.

சங்கத் தலைவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

“வெளிச்சம் அதிகம், நத்தனியேல். ஆளும் விழுந்திருக்கு.”

“தெரியும்” என்றார் அவர். படத்தை அவரே எடுத்துத் தனியாக வைத்தார்.